மாறு இறுக்க விகிதம்

‘கம்ப்ரெஷன் போச்சு’ என்று மெக்கானிக் சொன்னால், பிஸ்டன் ரிங்கோ வால்வோ தேய்ந்து சிலிண்டரில் காற்று நிற்கவில்லை என்று பொருள். அதே சொல்லோடு ‘ரேஷியோ’ சேர்ந்தால் பேச்சே வேறு. அது தேய்மானத்தைக் குறிப்பதல்ல. எஞ்சினை வடிவமைக்கும்போதே முடிவாகிவிடும் ஓர் அளவு. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் அந்த அளவையே கூட்டிக் குறைப்பதுதான் ‘வேரியபிள் கம்ப்ரெஷன் ரேஷியோ’.

பிஸ்டன் அடியில் நிற்கும்போது அதற்கு மேலுள்ள மொத்த இடத்தை, உச்சிக்கு வந்தபின் மிஞ்சும் இடத்தால் வகுத்தால் இந்த அளவு கிடைக்கும். அடியில் 550 கன செ.மீ., உச்சியில் 50 கன செ.மீ. என்றால் 11:1. கணக்கில் வருவது கொள்ளளவு மட்டுமே, அழுத்தம் வரவில்லை.

இதைத் தமிழில் ‘அழுத்த விகிதம்’ என்று எழுதுவோர் சறுக்குவது இங்கேதான். லத்தீனில் ‘காம்’ என்றால் சேர்த்து, ‘ப்ரெமெரே’ என்றால் அழுத்து; ‘ப்ரெஷர்’ என்பதற்கும் இதுவே வேர். வேர் ஒன்று என்பதற்காகப் பொருளும் ஒன்றாகிவிடாது. வெப்பம் வெளியேறாமல் காற்றைப் பத்தில் ஒரு பங்காக ஒடுக்கினால், சூடும் ஏறுவதால் அழுத்தம் ஏறத்தாழ 25 மடங்காகிறது, 10 மடங்கல்ல. போதாக்குறைக்கு, விசைச்சுழலி (டர்பைன்) எஞ்சின்களில் அழுத்த விகிதம் என்றே தனியாக ஓர் அளவு உண்டு.

‘அமுக்க விகிதம்’? தமிழ்நாட்டில் பொருந்தும். இலங்கையிலோ அமுக்கம் என்றாலே ப்ரெஷர்; தாழமுக்கம் என்று வானிலைச் செய்தியில் வருவது அதுதான். பழைய குழப்பம் அங்கே திரும்பிவிடும். ‘சுருக்கம்’ கணினிக் கோப்புகளுக்குப் போய்விட்டது. எனக்கு ‘இறுக்க விகிதம்’ சரியாகப் படுகிறது. ‘விகிதம்’ வடசொல், ‘தகவு’ என்க என்பாரும் உண்டு. எல்லாருக்கும் புரியும் சொல்லை மாற்ற நான் அவசரப்படமாட்டேன்.

‘வேரியபிள்’ என்பதற்கு ‘மாறக்கூடிய’ என்று நீட்ட வேண்டாம். மாறுவேடம், மாறுதிசை மின்னோட்டம் போல வினைத்தொகையாக ‘மாறு இறுக்க விகிதம்’ என்றால் போதும்.

சரி, ஏன் மாற்ற வேண்டும்? இறுக்கம் கூடினால் அதே பெட்ரோலில் கூடுதல் வேலை கிடைக்கும். பெட்ரோல் எஞ்சினின் ஏட்டுக் கணக்கான இலட்சிய ஓட்டோ சுழற்சியில், வெப்பத்தை வேலையாக்கும் திறன் 8:1-க்குச் சுமார் 56 விழுக்காடு, 14:1-க்கு 65. ஆனால் டர்போ காற்றைத் திணிக்கும் நேரத்தில் 14:1 வைத்தால், தீப்பொறியின் சுடர் எட்டுவதற்கு முன்பே எஞ்சிய கலவை தானாகப் பற்றி ‘டக் டக்’ என்று இடிக்கும். இதுதான் நாக்கிங். மிதமாக ஓட்டும்போது உயர்ந்த இறுக்கம், ஆக்சிலரேட்டரை மிதித்தால் தாழ்ந்த இறுக்கம் என்று இரண்டும் ஒரே எஞ்சினில் வேண்டும்.

ஸ்வீடனின் சாப் கார் நிறுவனம் 2000-ல் ஜெனீவா கார் கண்காட்சியில் வைத்த 1.6 லிட்டர் எஞ்சின், சிலிண்டர்களோடு சேர்ந்த தலைப்பகுதியையே 4 டிகிரி வரை சாய்த்து 8:1 முதல் 14:1 வரை போனது. சந்தைக்கு மட்டும் வரவில்லை. அதே எல்லைகளுக்குள் நிசானின் 2 லிட்டர் ‘விசி-டர்போ’ 2018-ல் இன்ஃபினிட்டி க்யூஎக்ஸ்50 காரில் விற்பனைக்கு வந்தது. அதில் தலை அசையாது. பிஸ்டன் தண்டுக்கும், அதன் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க்குக்கும் நடுவே ஓர் இணைப்புக் கரம். மின்மோட்டார் அதன் சாய்வை மாற்ற, பிஸ்டன் எட்டும் உச்சி ஏறி இறங்குகிறது.

ஆய்வுக்கூடங்களுக்கு இது புதிதல்ல. நாக்கிங்கைப் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் ஆக்டேன் எண்ணை அளக்கும் ஒற்றைச் சிலிண்டர் சிஎஃப்ஆர் எஞ்சினில், நாக்கிங் கேட்கும்வரை இறுக்கத்தை ஏற்றுவதற்காகவே சிலிண்டரை மேலும் கீழும் நகர்த்த வழி வைத்திருக்கிறார்கள். 1920-களின் இறுதியில் உருவான எஞ்சின் அது.

உள்ளிழு வால்வைத் தாமதமாக மூடும் எஞ்சின்களையும் சிலர் இந்தப் பெயரால் அழைக்கிறார்கள். அங்கே உள்ளே சிக்கும் காற்றின் அளவுதான் குறைகிறது. பிஸ்டன் எட்டும் உச்சி மாறுவதில்லை. அதற்கு இந்தச் சொல் பொருந்தாது.