போட்டோ சேமிக்க எந்த இணைப்பு? பெட்டியில் இருக்கும் எண்ணும் உள்ளே சுழலும் தட்டும்

எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கப் போனால் ஒரு பெட்டியில் 5 ஜிகாபிட் என்று போட்டிருக்கும், பக்கத்துப் பெட்டியில் 10, தண்டர்போல்ட் 3, 4 (யுஎஸ்பியைவிட வேகமான இணைப்பு வகை) என்றால் 40. விலையும் அதே வரிசையில் ஏறும். இந்த எண்ணைப் பார்த்துக் காசு கொடுப்பவர்கள் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. அது இணைப்பின் வேகம். டிஸ்க்கின் வேகம் அல்ல.

ஒரு கல்யாண வேலையையே எடுத்துக்கொள்வோம். 45 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் படம்) சுமார் 50 எம்பி வரும். வரவேற்பு, முகூர்த்தம் எல்லாம் சேர்த்து 4,000 படம் என்றால் 200 ஜிபி. இதை டிஸ்க்கில் ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும்?

பெட்டியில் எழுதியிருப்பது பிட் கணக்கு. ஃபைல் அளவோ பைட் கணக்கு. எட்டு பிட் ஒரு பைட் என்றாலும், யுஎஸ்பி 3.0 ஒவ்வொரு எட்டு பிட்டையும் பத்து பிட்டாக மாற்றித்தான் கம்பியில் அனுப்புகிறது. ஆகவே பத்தால் வகுக்க வேண்டும்: 5 ஜிகாபிட் என்றால் நொடிக்கு அதிகபட்சம் 500 எம்பி. நடைமுறையில் 400 சொச்சம் கிடைக்கும்.

டிஸ்க்கால் அவ்வளவு தர முடியுமா? பையில் போட்டுக்கொண்டு போகும் 2.5 அங்குல டிஸ்க்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுழல்பவை. உள்ளே சுழலும் தட்டின் வெளி விளிம்பில் சுற்றளவு அதிகம் என்பதால் ஒரு சுற்றில் நிறைய பிட்டுகள் படித்து எழுதும் தலைக்குக் கீழே ஓடும். நொடிக்கு 120, 130 எம்பி வரை போகும். டிஸ்க் வெளியிலிருந்து உள்ளே நிரம்புகிறது. உள்வட்டத்தை எட்டும்போது, அதே சுழற்சி வேகத்தில் பாதை குறுகிவிடுவதால், வேகம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். புது டிஸ்க்கில் பறந்த காப்பி, முக்கால்வாசி நிரம்பியதும் தள்ளாடுவதற்கு இது ஒரு காரணம். வைரஸ் என்று பயப்பட வேண்டாம்.

ஆக, 200 ஜிபி ஏற காலி டிஸ்க்கிலேயே அரை மணி நேரம் ஆகும். 5 ஜிகாபிட் இணைப்பிலும் அரை மணிதான், 40 ஜிகாபிட்டிலும் அரை மணிதான். பந்தியில் பத்துப் பேர் பரிமாற நின்றாலும் அடுப்பில் ஒரே அண்டாதான் இருக்கிறது. சுழலும் டிஸ்க் ஒன்றுக்காகத் தண்டர்போல்ட்டுக்குக் காசு கொடுப்பது, என்னைக் கேட்டால், வீண்.

ஆனால் கீழே இறங்கினால் அடி பலமாக விழும். யுஎஸ்பி 2.0-வில் 480 மெகாபிட். கைக்கு வருவது நொடிக்கு 35 எம்பி அளவு. அதே 200 ஜிபிக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். வேடிக்கை என்னவென்றால், நல்ல டிஸ்க்கும் நல்ல லேப்டாப்பும் வைத்திருப்பவர்கள்கூடத் தெரியாமல் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். யுஎஸ்பி-சி என்பது முனையின் வடிவம் மட்டுமே. வேகத்துக்கு உத்தரவாதம் இல்லை. போனுடன் வரும் சார்ஜிங் கேபிள்கள் பலவற்றில் 2.0-வுக்கான கம்பிகள்தான் இருக்கும். ஐபோன் 15 ப்ரோ 10 ஜிகாபிட் தாங்கும், ஆனால் பெட்டியில் வந்த கேபிள் 2.0 வேகம்தான். பழைய டிஸ்க்குகளில் இருக்கும் அகலமான மைக்ரோ-பி துளையிலும், அதன் பெரிய பாதியில் பழைய போன்களின் மைக்ரோ-யுஎஸ்பி கேபிள் கச்சிதமாக உட்காரும். படங்களும் தெரியும், வேகம் மட்டும் இருக்காது.

இன்னொன்று: நீல நாக்குள்ள பழைய செவ்வக முனையில் (யுஎஸ்பி-ஏ) 2.0-வின் நான்கு தொடுபுள்ளிகள் முன்னால், 3.0-வின் ஐந்து பின்னால். மெதுவாகச் சொருகினால் முன்வரிசை முதலில் தொட்டு, சில சமயம் கம்ப்யூட்டர் ‘இது 2.0’ என்று முடிவுகட்டிவிடும். கழற்றி ஒரே மூச்சில் சொருகிப் பாருங்கள்.

பெயர்க் குழப்பம் தனிக்கதை. 2008-ல் வந்த 3.0-வே பிறகு ‘3.1 ஜென் 1’ ஆகி, அப்புறம் ‘3.2 ஜென் 1’ ஆனது. மூன்றும் அதே 5 ஜிகாபிட். பெயரை விட்டுவிட்டு ஜிகாபிட் எண்ணை மட்டும் பாருங்கள்.

10 ஜிகாபிட் எப்போது பயன்படும்? என்விஎம்இ எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் வேகமான டிஸ்க்) வாங்கினால். அந்த இணைப்பில் அது நொடிக்கு 1,000 எம்பி வரை எழுதும். 200 ஜிபி மூன்றரை நிமிடத்தில் முடியலாம். ஆனால் படம் எங்கிருந்து வருகிறது? யுஹெச்எஸ்-1 (எஸ்டி கார்டுகளின் வேக வகைகளில் ஒன்று; யுஹெச்எஸ்-2 அதைவிட வேகம்) எஸ்டி கார்டு என்றால் நொடிக்கு 90 எம்பி சுற்றியே நிற்கும். அப்போது டிஸ்க்கைவிட கார்டே தாமதம். கார்டையும் ரீடரையும் யுஹெச்எஸ்-2 ஆக்குவதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும். படங்களை டிஸ்க்கிலிருந்தே திறந்து எடிட் செய்பவர்களுக்கு எஸ்எஸ்டி வேறு வகையிலும் உதவும்: அங்கங்கே கிடக்கும் சிறு சிறு ஃபைல்களைத் தேடிச் சுழலும் டிஸ்க்கின் தலை ஒவ்வொரு முறையும் நகர்ந்து, தட்டு சுற்றி வரக் காத்திருக்கும். எஸ்எஸ்டியில் நகர எதுவும் இல்லை.

கடைசியாக மின்சாரம். 2.0 துளை 500 மில்லியாம்பியர் தரும், 3.0 துளை 900. தனி அடாப்டர் இல்லாத ஹப்பில் (ஒரு துளையைப் பல துளையாக்கும் கருவி) இரண்டு டிஸ்க்கை மாட்டினால் அந்த ஒரு துளையின் மின்சாரத்தை இரண்டும் பங்கு போட வேண்டும். ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்து டிஸ்க் காணாமல் போய்த் திரும்பி வந்தால், காப்பியை நிறுத்திவிட்டு லேப்டாப்பில் நேராகச் சொருகுங்கள். சத்தம் அப்போதும் நிற்கவில்லையென்றால் டிஸ்க்கிலேயே பழுது இருக்கலாம்.