பத்தமடைப் பாயும் எட்டுக்கு எட்டுக் கட்டமும்: கைப்பேசிப் படம் தரம் குறையாமல் கணினிக்கு வரும் விதம்

பத்தமடையில் கல்யாணப் பாய் நெய்யச் சொன்னால், மணமக்களின் பெயரையும் திருமண நாளையும் கோரையிலேயே எழுத்தாக இழைத்துத் தருவார்கள். என் தங்கையின் திருமணத்துக்கு அப்படி நெய்யப்பட்ட பாய் தறியில் இருந்தபோதே பார்த்துவரப் போன அத்தான், அதைத் தம் கைப்பேசியில் படம் எடுத்து ஒரு செய்திச் செயலி வழியாக எனக்கு அனுப்பினார். கைப்பேசித் திரையில் அது குறையின்றித் தெரிந்தது. கணினியில் இறக்கி, சட்டம் போட்டு மாட்டும் அளவுக்குப் பெரிதாக அச்சிடலாம் என்று பாளையங்கோட்டையில் ஓர் அச்சுக்கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் திரையில் அதை விரித்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது பெருசு பண்ண வராது, கோரையே தெரியல பாருங்க. எடுத்தவங்க போன்ல ஒரிஜினல் இருக்கும், அதைக் கொண்டாங்க" என்றார்.

அவர் காட்டிய இடத்தில் கோரை இழைகள் இருக்கவில்லை. வைக்கோல் நிறத்தில் ஒரு பூச்சும், அதன்மேல் உண்மையான பாயில் இல்லவே இல்லாத அலையலையான கோடுகளும் இருந்தன. சிவப்பு எழுத்துகளின் ஓரங்களில் சாயம் கசிந்ததுபோல் நிறம் பரவியிருந்தது. அத்தானின் கைப்பேசியிலோ அதே படத்தில் இழைகளை எண்ண முடிந்தது. இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்பது தெரிந்துவிட்டால், படங்களைக் கணினிக்கு மாற்ற எந்த வழி நல்லது, எது ஆகாது என்பதை யாரும் தாமே முடிவுசெய்துகொள்ளலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒரு கோப்பை நகலெடுப்பதால் படத்தின் தரம் ஒருபோதும் குறைவதில்லை. கோப்பு என்பது எண்களின் வரிசை. அந்த வரிசையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அப்படியே எழுதுவதுதான் நகலெடுத்தல். நூறாவது நகலும் முதல் கோப்பும் ஒன்றே. ஒளிநாடாவிலிருந்து ஒளிநாடாவுக்குப் பதிவுசெய்த காலத்தில் ஒவ்வொரு நகலும் சற்று மங்கியதால், நகல் என்றாலே தரம் தாழ்ந்தது என்ற எண்ணம் நம்மிடம் இன்னும் தங்கியிருக்கிறது. எண்வடிவக் கோப்புக்கு அது பொருந்தாது. வழியில் ஏதேனும் பிழை நேர்ந்து சில எண்கள் கெட்டுப்போனாலும் படம் மங்கலாகாது. ஓரிடத்துக்குக் கீழே நிறம் மாறிப்போகும், அல்லது சாம்பல் பட்டையாகும், அல்லது படமே திறக்காது. ஆகவே ஒரு படம் முழுவதும் சீராக மங்கியிருந்தால், அது பயணத்தில் கெட்டதன்று. யாரோ, அதாவது ஏதோ ஒரு மென்பொருள், அதைத் திறந்து, சிறிதாக்கி, மறுபடி சுருக்கி வேறொரு கோப்பாக எழுதியிருக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

சுருக்குதல் என்பது கைப்பேசியிலேயே தொடங்கிவிடுகிறது. படத்தை ஆக்கும் ஒவ்வொரு நிறப்புள்ளியும் ஒரு பிக்சல். 4,000 பிக்சல் நீளமும் 3,000 பிக்சல் அகலமும் உள்ள ஒரு படத்தில் 1 கோடியே 20 லட்சம் பிக்சல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் வேண்டுமென்பதால், சுருக்காமல் எழுதினால் 3 கோடியே 60 லட்சம் பைட், அதாவது 36 மெகாபைட் ஆகும். ஆனால் கைப்பேசியில் அந்தப் படம் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து மெகாபைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. இந்த வேலையைச் செய்வது 1992இல் வெளிவந்த ஜேபெக் (JPEG) என்னும் தரநிலை. அதன் அடியில் இருக்கும் கணிதத்தை 1974இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டவர்கள் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, அவருடன் டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவர். நம் கைப்பேசிகளில் உள்ள கோடிக்கணக்கான படங்கள் இன்றும் அவர்கள் வகுத்த கொசைன் உருமாற்றத்தின்மேல்தான் நிற்கின்றன என்பது பலருக்கும் தெரியாமலே இருக்கிறது.

அந்தக் கணிதத்தைப் பாயை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் 64 எண்கள். இந்த 64 எண்களை, முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட 64 கோலங்களின் கலவையாக அது மாற்றி எழுதுகிறது. முதல் கோலம் கட்டம் முழுவதும் ஒரே நிறம். அடுத்தவை ஒரு பக்கம் வெளிச்சம் மறுபக்கம் இருட்டு என்ற பரந்த மாற்றங்கள். போகப்போகப் பட்டைகள் நெருங்கி, கடைசிக் கோலத்தில் பிக்சலுக்குப் பிக்சல் மாறும் நுண்ணிய சதுரங்கக் கட்டமாகிறது. எந்தக் கோலம் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதற்கு ஓர் எண். இதுவரை எதுவும் இழக்கப்படவில்லை. திருப்பிக் கூட்டினால் பழைய கட்டம் கிடைத்துவிடும்.

இழப்பு அடுத்த படியில் வருகிறது. அந்த 64 எண்களையும் ஓர் அட்டவணையில் உள்ள எண்களால் வகுத்து, விடையை முழு எண்ணாக்குகிறார்கள். தரநிலை எடுத்துக்காட்டாகத் தரும் ஓர் அட்டவணையில், பரந்த கோலத்துக்கான முதல் வகுஎண் 16. மிக நுண்ணிய கடைசிக் கோலத்துக்கு 99. ஒரு கட்டத்தில் கடைசிக் கோலத்தின் அளவு 40 என்றால், 40ஐ 99ஆல் வகுக்க 0.4 வருகிறது, முழு எண்ணாக்கினால் பூஜ்யம். அந்த நுண்மை அத்தோடு போயிற்று. பூஜ்யத்திலிருந்து 40ஐ எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. நம் கண் பரந்த ஒளி மாற்றங்களை நன்றாக உணரும், மிக நுண்ணிய மாற்றங்களை அவ்வளவாகக் கவனிக்காது என்ற நம்பிக்கையில்தான் இந்த அட்டவணை அமைந்திருக்கிறது. வானத்துக்கும் முகத்துக்கும் தாமிரபரணித் தண்ணீருக்கும் அது சரி. பத்தமடைப் பாய்க்கு அது சரியில்லை. ஆற்றங்கரைக் கோரையை அறுத்துக் காயவைத்து, ஊறப்போட்டு, மெல்லிய இழைகளாகக் கிழித்து, பருத்தி நூல் பாவில் ஊடையாக ஓட்டி நெய்தவர்களின் உழைப்பு முழுவதும் அந்த நுண்ணிய கோலங்களில்தான் இருக்கிறது.

கைப்பேசி தானாகச் செய்யும் முதல் சுருக்கத்தில் வகுஎண்கள் சிறியவையாக இருப்பதால் இழைகள் தப்பிவிடுகின்றன. செய்திச் செயலிகள் செய்வது இரண்டாவது சுருக்கம். அலைபேசி இணைப்பில் விரைவாகப் போகவேண்டும், பெறுபவரின் கைப்பேசியில் இடம் மிச்சமாக வேண்டும் என்பதற்காக அவை படத்தின் பிக்சல்களையே குறைத்துவிடுகின்றன. நீள்பக்கம் 4,000 பிக்சலாக இருந்த படத்தை 1,600ஆகக் குறைத்தால், 1 கோடியே 20 லட்சம் பிக்சல்கள் 19 லட்சத்து 20 ஆயிரமாகின்றன. முன்பிருந்த ஆறேகால் பிக்சல்களுக்குப் பதில் இப்போது ஒன்று.

இதன் விளைவைப் பாயில் கணக்கிடலாம். பாயின் நீளவாட்டில் 4 அடி, அதாவது 48 அங்குலம், படத்தின் நீள்பக்கத்தை நிறைத்திருக்கிறது என்று கொள்வோம். மூலப் படத்தில் ஓர் அங்குலத்துக்கு 83 பிக்சல். சிறிதாக்கிய படத்தில் 33. அங்குலத்துக்கு 20 கோரை இழைகள் இருந்தால், இழைக்கொரு பிக்சலும் இடுக்கின் நிழலுக்கொரு பிக்சலுமாகக் குறைந்தது 40 பிக்சல்கள் வேண்டும். மூலத்தில் அவை இருக்கின்றன, சிறிதாக்கியதில் இல்லை. போதாத பிக்சல்களில் சீரான இழைகளை அடைக்கும்போது, சில இழைகள் பிக்சலின் நடுவிலும் சில இரண்டு பிக்சல்களின் இடையிலும் விழுந்து, கூடியும் குறைந்தும் வரும் வெளிச்சம் பெரிய அலைகளாகத் தோன்றுகிறது. அச்சுக்கடையில் நான் பார்த்த, பாயில் இல்லாத கோடுகள் இவைதாம்.

நிறக் கசிவுக்கும் காரணம் உண்டு. ஜேபெக் படங்கள் ஒளியின் அளவைத் தனியாகவும் நிறத்தைத் தனியாகவும் எழுதுகின்றன; பெரும்பாலான படங்களில் இரண்டுக்கு இரண்டு என நான்கு பிக்சல்கள் ஒரே நிறத் தகவலைப் பங்கிட்டுக்கொள்கின்றன. முழு அளவுப் படத்தில் அந்தச் சிறு சதுரம் கண்ணில் படாது. 1,600 பிக்சலுக்குக் குறைத்த படத்தில் அதே சதுரம் மூலப் படத்தின் ஐந்துக்கு ஐந்து, அதாவது 25 பிக்சல் பரப்பை மூடிவிடுகிறது. மணமக்கள் பெயரின் சிவப்பு, பக்கத்துக் கோரையில் ஏறியது அதனால்தான்.

ஆகவே எந்த வழியைப் பற்றியும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இது கோப்பைத் தூக்கிக்கொண்டு போகிறதா, அல்லது படத்தைத் திறந்து மறுபடி எழுதுகிறதா?

யுஎஸ்பி கேபிள் கோப்பைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியைக் கேபிளால் கணினியில் இணைத்ததும், அது வெறும் மின்னேற்றத்துக்கே இணைந்ததாக எடுத்துக்கொள்ளும். பூட்டைத் திறந்து, மேலிருந்து அறிவிப்புப் பலகையை இழுத்து, 'கோப்புப் பரிமாற்றம்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு கணினியில் தோன்றும் கைப்பேசியின் சேமிப்பிடத்தில் டிசிஐஎம் (DCIM) என்ற கோப்புறைக்குள் கேமரா என்ற கோப்புறை இருக்கும். கைப்பேசி எடுத்த மூலப் படங்கள் அங்கேதான் உள்ளன. செய்திச் செயலிகளில் வந்த படங்கள் வேறு கோப்புறைகளில் இருப்பதால் இரண்டையும் கலந்துவிடக் கூடாது. எத்தனை முறை இணைத்தாலும் கணினி கைப்பேசியைக் கண்டுகொள்ளவில்லை என்றால், கேபிளை மாற்றிப் பார்ப்பது நல்லது. மலிவான கேபிள்கள் பலவற்றில் மின்சாரத்துக்கான கம்பிகள் மட்டுமே இருக்கும், தரவுக்கான கம்பிகள் இருப்பதில்லை. கேபிளில் ஓடும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்துடனும் ஒரு சரிபார்ப்பு எண்ணும் சேர்ந்து வருகிறது. அது பொருந்தாவிட்டால் பொட்டலம் மறுபடி அனுப்பப்படுகிறது.

ஐபோனில் ஒரு நுணுக்கம் உண்டு. 2017இல் வந்த ஐஓஎஸ் 11 என்ற இயங்குதளம் முதல் ஐபோன்கள் ஹெச்இஐசி (HEIC) என்னும் புதிய வடிவில் படங்களைச் சேமிக்கின்றன. ஜேபெக்கைவிடக் குறைந்த இடத்தில் அதே தரத்தைத் தரும் வடிவம் இது. ஆனால் கேபிளில் கணினிக்கு மாற்றும்போது, அமைப்புகளில் 'தானியங்கி' என்றிருந்தால், ஐபோன் அவற்றை ஜேபெக்காக மாற்றித் தரக்கூடும். கேபிளேயானாலும் அது மறுபடி எழுதுதல்தான். புகைப்பட அமைப்புகளில் மேக் அல்லது கணினிக்கு மாற்றுதல் என்ற பகுதியில் 'மூலங்களை வைத்திரு' என்ற தேர்வைச் செய்துவிட்டால் கோப்பு உள்ளபடியே வரும். இடம் மிச்சம் பிடிக்கும் தேர்வு இயங்கிக்கொண்டிருந்தால் மூலப் படம் ஐகிளவுட் என்ற ஆப்பிளின் இணையச் சேமிப்பிடத்தில் மட்டும் இருந்து, கைப்பேசியில் சிறிய உரு மட்டும் இருக்கலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கம்பியில்லாமல் அருகிலுள்ள கருவிக்கு அனுப்பும் புளூடூத், குயிக் ஷேர், ஏர்டிராப் ஆகியவையும் கோப்பையே கொண்டுபோகின்றன. புளூடூத் மெதுவானது, நான்கு மெகாபைட் படம் ஒன்றுக்குக் கால் நிமிடம் ஆகலாம். மெதுவாகப் போவதால் தரம் குறையும் என்பது தவறான எண்ணம். கூகுள் போட்டோஸில் காப்பு எடுப்பவர்கள் 'மூலத் தரம்' என்ற தேர்வை வைத்திருக்க வேண்டும். 'சேமிப்பிடச் சிக்கனம்' என்ற தேர்வு படத்தை மறுபடி சுருக்குகிறது. மின்னஞ்சல் இணைப்பு கோப்பை மாற்றுவதில்லை, ஆனால் சில அஞ்சல் செயலிகள் அனுப்பும் முன் சிறியதா, நடுத்தரமா, உள்ளபடியா என்று கேட்கும்.

ஊரில் இருப்பவரிடமிருந்து செய்திச் செயலி வழியாகத்தான் படம் வரவேண்டும் என்றால், படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பச் சொல்லலாம். வாட்ஸ்அப்பில் இணைப்புக் குறியை அழுத்தி 'ஆவணம்' என்பதன் வழியே அந்தக் கோப்பைத் தேர்ந்தெடுத்தால், செயலி அதைப் படமென்று கருதாமல் கோப்பாகவே அனுப்புகிறது. அதிலுள்ள ஹெச்டி என்ற தேர்வு முன்பைவிடக் கூடுதல் பிக்சல்களைத் தந்தாலும் அது மூலம் ஆகாது. ஆவணமாக வரும் படத்தில் இன்னொரு நன்மையும் இருக்கிறது: எடுத்த நாள், நேரம், கேமராவின் விவரம் முதலாகக் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருப்பவை அழியாமல் வருகின்றன. எடுத்த இடமும் அதில் இருக்கக்கூடும் என்பதால், அறிமுகமில்லாதவருக்கு அனுப்பும்போது இதுவே கவனிக்க வேண்டிய செய்தியாகிவிடும். திரைப்பிடிப்பு எடுத்து அனுப்புவது எல்லாவற்றிலும் மோசமான வழி. படத்தில் எத்தனை பிக்சல் இருந்தாலும் திரையில் உள்ள பிக்சல்கள் மட்டுமே அதில் கிடைக்கும்.

அத்தான் அடுத்த வாரம் வீட்டுக்கு வந்தபோது, அவர் கைப்பேசியைக் கேபிளால் இணைத்து அந்தப் படத்தை எடுத்துக்கொண்டேன். செயலியில் வந்த கோப்பின் அருகில் வைத்துப் பார்த்தபோது, 4,000க்கு 3,000 என்ற அளவு கோப்பின் பண்புகளில் அப்படியே இருந்தது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல அச்சுக் கணக்கில் அது 13 அங்குல நீளத்துக்குத் தாங்கும். 1,600 பிக்சல் படம் 5 அங்குலத்தைச் சற்றே தாண்டும். கடைக்காரர் மறுபேச்சின்றி அச்சிட்டுத் தந்தார்.

நகல் உண்மையிலேயே மூலத்தோடு ஒன்றா என்று ஐயம் இருப்பவர்கள், இரண்டு கோப்புகளின் பைட் எண்ணிக்கையை ஒப்பிடலாம்; ஒரு பைட் வேறுபட்டாலும் அது வேறு கோப்பு. எண்ணிக்கை ஒத்திருந்தும் உறுதி வேண்டுமானால், ஷா-256 என்ற கணக்கீடு கோப்பிலுள்ள எல்லா எண்களையும் சேர்த்து 64 எழுத்துகள் கொண்ட ஒரு கைரேகையைத் தருகிறது. விண்டோஸில் செர்ட்யூட்டில் (certutil) என்ற கட்டளையே இதைச் செய்துவிடும். மூலத்தில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த 64 எழுத்துகள் அடையாளம் தெரியாமல் மாறிப்போகும். திருமணப் படங்கள், பழைய பத்திரங்கள், கல்வெட்டுப் படங்கள் போன்றவற்றை மாற்றும்போது இந்தச் சிறு உழைப்பு தகும் என்பது என் கருத்து.

கணினிக்கு வந்த பிறகும் ஓர் ஆபத்து மிஞ்சியிருக்கிறது. ஜேபெக் படத்தை எத்தனை முறை திறந்து பார்த்தாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் வெட்டியோ வெளிச்சத்தைக் கூட்டியோ சேமிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வகுத்தலும் முழு எண்ணாக்கலும் மறுபடி நடக்கின்றன. திருத்தங்களை வேறு பெயரில் ஒரு நகலில் செய்து, மூலத்தைத் தனிக் கோப்புறையில் தொடாமல் வைக்க வேண்டும். மாற்றும்போதும் வெட்டி ஒட்டுவதைவிட நகலெடுத்து ஒட்டுவதே பாதுகாப்பு; இடையில் கேபிள் கழன்றாலும் கைப்பேசியில் மூலம் இருக்கும். நான் கணினியில் ஒரு நகலும் வெளி வன்தட்டில் ஒரு நகலும் வைத்துச் சரிபார்த்த பிறகுதான், இடம் போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த அத்தானிடம் கைப்பேசியில் உள்ளதை அழிக்கலாம் என்றேன்.