தான் யார், யாருடைய பிள்ளை என்று அறியும் உரிமை

குழந்தைகள் உரிமைகள் குறித்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 1989 நவம்பர் 20 அன்று பொதுச்சபையில் ஏற்கப்பட்டு, 1990 செப்டம்பர் 2 முதல் நடைமுறையில் இருந்துவருகிறது. 196 தரப்புகள் இதற்குக் கட்டுப்பட்டுள்ளன. அமெரிக்கா கையெழுத்திட்டதோடு நின்றுவிட்டது. இதன் 54 பிரிவுகளில் கல்வி, உடல்நலம் பற்றியவை ஓரளவு அறியப்பட்டவை. ஆனால், ஒரு குழந்தையின் அடையாளத்தையும் குடும்ப வாழ்வையும் காக்கும் 7 முதல் 10 வரையிலான பிரிவுகளை, அவை மீறப்பட்ட பிறகே பலரும் தேடிப் படிக்கிறார்கள்.

பிறந்தவுடன் பதிவு செய்யப்படவும், பெயரும் குடியுரிமையும் பெறவும், இயன்றவரை தன் பெற்றோரை அறியவும் அவர்களாலேயே வளர்க்கப்படவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது 7ஆம் பிரிவு. ஐந்து வயதுக்கு உட்பட்ட சுமார் 15 கோடிக் குழந்தைகளின் பிறப்பு எங்கும் பதிவாகவில்லை என்று யுனிசெஃப் 2024இல் மதிப்பிட்டது. பதிவு இல்லையென்றால் வயதை நிரூபிக்க வழியில்லை; குழந்தைத் திருமணத்தையும் குழந்தை உழைப்பையும் சட்டத்தால் தடுப்பது அந்த இடத்திலேயே தடுமாறுகிறது.

அடுத்து வரும் 8ஆம் பிரிவுக்குப் பின்னால் ஒரு துயர வரலாறு இருக்கிறது. அர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை நடந்த ராணுவ ஆட்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குழந்தைகளும், சிறைவைக்கப்பட்ட தாய்மாருக்கு அங்கேயே பிறந்த சிசுக்களும், பொய்யான ஆவணங்களோடு வேறு குடும்பங்களுக்குக் கைமாற்றப்பட்டனர். அவர்களைத் தேடி 1977இல் ஒன்றுசேர்ந்த ‘ப்ளாசா தே மாயோ பாட்டிமார்’ என்ற அமைப்பினர் அறிவியலாளர்களிடம் கேட்ட கேள்வி எளிமையானது: தாயும் தகப்பனும் இல்லாத நிலையில், பாட்டியின் ரத்தத்தைக் கொண்டே பேரப்பிள்ளையை அடையாளம் காண முடியுமா? முடியும் என்று மரபணுவியல் காட்டியது. 1987இல் அதற்கென்றே ஒரு தேசிய மரபணுத் தரவு வங்கி உருவானது. இதுவரை 130க்கும் மேற்பட்டோரின் உண்மையான அடையாளம் மீட்கப்பட்டிருக்கிறது. அவர்களில் பலர், தாங்கள் யார் என்பதை நடுவயதில்தான் அறிந்துகொண்டார்கள். இந்தப் பிரிவை முன்மொழிந்ததும் அர்ஜென்டினாதான். பெயர், குடியுரிமை, குடும்ப உறவு ஆகியவற்றில் எதுவும் சட்டத்துக்குப் புறம்பாகப் பறிக்கப்பட்டால், அதை விரைந்து மீட்டுத்தர அரசு துணைநிற்க வேண்டும் என்று 8ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. ‘விரைந்து’ என்ற சொல்லின் அருமை, நாற்பது ஆண்டுகள் காத்திருந்த பாட்டிமாருக்குத் தெரியும்.

பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாகக் குழந்தையைப் பிரிப்பதற்கு 9ஆம் பிரிவு கடுமையான வரம்பு விதிக்கிறது. வதை, புறக்கணிப்பு போன்ற நிலைகளில் குழந்தையின் நலனுக்கு அதைப் பிரித்துவைப்பது அவசியம் என்று உரிய அதிகாரிகள் சட்டப்படி முடிவெடுக்கலாம்; ஆனால் அந்த முடிவு நீதிமன்ற மறுஆய்வுக்கு உட்பட்டதாகவும், சம்பந்தப்பட்ட அனைவரும் தங்கள் கருத்தைச் சொல்ல வாய்ப்பளிப்பதாகவும் இருக்க வேண்டும். கருத்துச் சொல்லும் திறனுள்ள குழந்தையையும் 12ஆம் பிரிவின்படி கேட்டாக வேண்டும். பிரிந்த பின்னும், குழந்தையின் நலனுக்குக் கேடில்லாத வரை, தாய் தந்தை இருவரோடும் தொடர்ந்து பழக அதற்கு உரிமை உண்டு. பெற்றோரை அரசே சிறையிலிட்டாலோ நாடு கடத்தினாலோ, அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்கும் குடும்பத்தாருக்கு, குழந்தைக்குத் தீங்கு நேராதபட்சத்தில், அரசு சொல்லியாக வேண்டும். வறுமை மட்டுமே குழந்தையைப் பிரிக்கக் காரணமாகிவிடக் கூடாது என்பதை, மாற்றுப் பராமரிப்பு குறித்து 2009இல் பொதுச்சபை ஏற்ற வழிகாட்டுதல்கள் தெளிவாகக் கூறுகின்றன. வீட்டில் அரிசி இல்லை என்றால் தரவேண்டியது அரிசியைத்தான்; பிள்ளையைத் தூக்கிச் செல்வது உதவியாகாது. எல்லை கடந்து பிரிந்த குடும்பங்கள் ஒன்றுசேரக் கொடுக்கும் விண்ணப்பங்களைப் பரிவோடும் தாமதமின்றியும் பரிசீலிக்கச் சொல்கிறது 10ஆம் பிரிவு.

பெற்றோரிடமிருந்து பிரிப்பது தவிர்க்க முடியாதபோது, வளர்ப்புக் குடும்பமோ இல்லமோ எதுவானாலும், குழந்தையின் மொழி, சமயம், பண்பாடு ஆகியவற்றின் தொடர்ச்சிக்கு 20ஆம் பிரிவு மதிப்பளிக்கச் சொல்கிறது. நடைமுறையில் அடையாளம் பெரும்பாலும் சிறிய கவனக்குறைவுகளில்தான் தொலைகிறது. சேர்க்கைப் பதிவேட்டில் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதுகிறார்கள். அடுத்த இல்லத்துக்கு மாற்றும்போது அந்தப் பிழையே உண்மைப் பெயராகிவிடுகிறது. வந்த நாளில் கையிலிருந்த அம்மாவின் புகைப்படம் கோப்போடு கூடவே போவதில்லை. பதினெட்டு வயதில் அந்தப் பிள்ளை தன்னைப் பற்றிக் கேட்கும்போது எடுத்துக்காட்ட ஒரு காகிதம்கூட மிஞ்சுவதில்லை. தத்தெடுப்பிலும் இதே கவலை உண்டு என்பதால்தான், பிற நாட்டுக்குத் தத்துக்கொடுப்பது குறித்த 1993ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை, பெற்றோர் யார் என்பது உட்படக் குழந்தையின் பூர்வீகம் பற்றிய தகவல்களைப் பாதுகாத்து வைக்குமாறு நாடுகளைக் கட்டாயப்படுத்துகிறது.

இந்த உரிமைகள் மீறப்பட்டால் முதலில் உள்நாட்டு நீதிமன்றங்களையே அணுக வேண்டும். அங்கே வழி முடிந்துவிட்டால், 2014 ஏப்ரல் 14 முதல் நடைமுறையிலுள்ள மூன்றாவது விருப்ப நெறிமுறையை (நாடுகள் விரும்பினால் ஏற்கும் துணை ஒப்பந்தத்தை) ஏற்ற நாடாக இருக்கும்பட்சத்தில், குழந்தையோ அதன் சார்பில் வேறொருவரோ ஜெனீவாவில் உள்ள 18 நிபுணர்கள் கொண்ட குழந்தைகள் உரிமைக் குழுவுக்கு எழுத்து மூலம் முறையிடலாம். பொதுவாக, உள்நாட்டு வழி முடிந்ததிலிருந்து ஓராண்டுக்குள் முறையீடு சேர வேண்டும். ஈடுசெய்ய முடியாத தீங்கு நேரும் அபாயம் இருந்தால், முடிவு வரும் வரை இடைக்கால நடவடிக்கை எடுக்குமாறு அந்த அரசைக் குழு கேட்டுக்கொள்ளவும் இயலும்.