டேங்க் தாங்குமா? ஃபார்வர்டு ஒருவர் மிட்ஃபீல்டுக்கு மாறும்போது நடப்பது என்ன?

2021 செப்டம்பர் 25, பெர்த். ஆஸ்திரேலிய கால்பந்தின் இறுதிப்போட்டி. நாம் பார்க்கும் சாக்கர் இல்லை, முட்டை வடிவப் பந்தைக் காலாலும் கையாலும் ஆடும் ஆட்டம் இது. மூன்றாவது கால்பகுதியில் மெல்பர்ன் அணி 19 புள்ளி பின்தங்கிக் கிடந்தது. அங்கிருந்து ஆட்டம் முடியும்வரை மெல்பர்ன் எடுத்தது 100 புள்ளி, வெஸ்டர்ன் புல்டாக்ஸ் எடுத்தது வெறும் 7. 57 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பை மெல்பர்னுக்கு வந்தது. அன்றைய சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் மெல்பர்னின் கிறிஸ்டியன் பெட்ராக்காவுக்கு. 39 டிஸ்போசல், அதாவது காலால் உதைத்தோ முஷ்டியால் குத்தியோ 39 முறை பந்தை அனுப்பியிருந்தார். 2003இல் சைமன் பிளாக் வைத்த இறுதிப்போட்டிச் சாதனைக்கு அது சமம். கூடவே 2 கோல்.

இதே பெட்ராக்கா 2019 வரை பெரும்பாலும் முன்களத்தில் நின்று ஆடியவர். 2014 டிராஃப்டில், அதாவது அணிகள் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், இரண்டாவதாகத் தேர்வானவர். முதல் ஆட்டத்துக்கு முன்பே முழங்காலில் ஏ.சி.எல். நார் கிழிந்து 2015 முழுவதும் போயிற்று. பிறகு வந்தபோது பிடித்து நிறுத்த முடியாத உடம்பு, நல்ல கோல் கண். இப்படிப்பட்டவரை நடுக்களத்துக்குக் கொண்டுபோகலாமா என்று பேச்சு எழும்போதெல்லாம் ஆஸ்திரேலிய ரசிகர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: “டேங்க் இருக்கிறதா?” ஓட்டத் தெம்புக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. உடலியல் படித்தவர்கள் உட்கார்ந்து யோசித்திருந்தாலும் இதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்திருக்காது என்பது என் எண்ணம்.

நம் வீட்டு மொட்டைமாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தசைக்குள்ளும் அப்படியொரு சின்னத் தொட்டி இருக்கிறது. அதில் இருப்பது பாஸ்போகிரியேட்டின். முழு வேகத்தில் ஓடத் தொடங்கியதும் தசைக்கு வேண்டிய ஆற்றலை உடனடியாகத் தருவது இதுதான். ஆனால் சில விநாடி முழுவேக ஓட்டத்திலேயே தொட்டி மளமளவென்று இறங்கிவிடும். அதை மறுபடி ஏற்றுகிற மோட்டார், ஆக்சிஜனை வைத்து நடக்கும் வளர்சிதைமாற்றம். இதயம், நுரையீரல், ரத்த நாளம், தசைச் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா எல்லாம் சேர்ந்த மோட்டார் அது. தொட்டி முழுதாக நிரம்ப சில நிமிடங்கள் பிடிக்கும்.

முன்களத்தில் நிற்பவருக்கு அந்த நிமிடங்கள் பெரும்பாலும் கிடைத்துவிடுகின்றன. பந்து மறுகோடியில் இருக்கும்போது நடக்கலாம், மூச்சு வாங்கலாம், பிறகு ஒரே பாய்ச்சலாகப் பாயலாம். நடுக்களத்தில் அந்த வசதி கிடையாது. மைதானம் 150 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள பெரிய நீள்வட்டம். ஆஃப்சைடு விதி இல்லை. பந்து எந்தப் பக்கம் போனாலும் மிட்ஃபீல்டர் பின்னாலேயே போகவேண்டும், அது கைமாறிவிட்டால் அதே வேகத்தில் திரும்பவேண்டும். ஒரு ஆட்டத்துக்கு 12, 13 கிலோமீட்டர் ஓடுவது அவர்களுக்குச் சாதாரணம். ஓடும் தூரத்தைவிட, தொட்டி பாதிகூட நிரம்பாத நிலையில் அடுத்த பாய்ச்சல் வந்து நிற்பதுதான் கொடுமை. வெளியே போய் உட்காரவும் அளவு உண்டு: 2021இல் ஓர் அணி ஒரு ஆட்டத்துக்கு 75 முறைதான் ஆள் மாற்றலாம் என்று குறைத்துவிட்டார்கள். ஆக, நடுக்களத்துக்கு வருகிறவர் தன் மோட்டாரைத்தான் பெரிதாக்கவேண்டும். சீசனுக்கு முந்தைய மாதங்களில் இடைவெளி விட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடும் பயிற்சிகள் இதற்காகத்தான். தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, பனியனுக்குள் செருகியிருக்கும் ஜி.பி.எஸ். கருவி அங்கே ஒவ்வொரு மீட்டரையும் கணக்கு வைக்கிறது.

ஆனால் டேங்க் மட்டும் போதாது. ஒரு சென்டர் பவுன்ஸை, அதாவது மைதான நடுவில் நடுவர் பந்தை மேலே எழவிட்டு ஆட்டத்தைத் தொடங்கும் கணத்தை, மெதுவாக ஓட்டிப் பாருங்கள். விதிப்படி ஒவ்வொரு முறையும் நடுச்சதுரத்துக்குள் ஓர் அணிக்கு 4 பேர்தான். நெட்டையான ரக்மேன்கள் இருவர் எம்பிக் குதிக்கிறார்கள். கீழே ஆளுக்கு ஆள் இடுப்பை முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ரக்மேனின் விரல் பந்தைத் தட்டும் கணத்தில், அது விழப்போகும் இடத்துக்கு மிட்ஃபீல்டர் ஏற்கெனவே அரை அடி நகர்ந்திருக்கிறார். பந்து கைக்கு வந்தபின் யோசிக்க இரண்டு விநாடிகூட இருக்காது. முன்னால் இருப்பவன் பிடிப்பான், பின்னால் இருப்பவன் இழுப்பான்.

முன்களத்தில் பந்து பெரும்பாலும் ஒரே திசையிலிருந்து வரும். கோல் கம்பங்கள் எங்கே என்று முதுகுக்கே தெரியும். நடுக்களத்தில் நாலா பக்கமும் ஆட்கள், நாலா பக்கமும் வழிகள். வழிகள் கூடக்கூட மூளை முடிவெடுக்கும் நேரமும் கூடும் என்று 1952லேயே வில்லியம் ஹிக் என்ற உளவியலாளர் அளந்து காட்டினார். அப்படியானால் தேர்ந்த மிட்ஃபீல்டர் எப்படித் தப்பிக்கிறார்? பந்து வருவதற்கு முன்பே பெரும்பாலான வழிகளைக் கழித்துவிடுகிறார். சதுரங்கத்தில் இதற்கு அழகான சோதனை ஒன்று உண்டு. 1973இல் சேஸ், சைமன் என்ற இருவர் பலகையை 5 விநாடி காட்டிவிட்டு, காய்களை நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். உண்மையான ஆட்டத்து நிலை என்றால் மாஸ்டர் அபாரமாக அடுக்கினார். கன்னாபின்னாவென்று கலைத்து வைத்தபோது புதியவருக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. அவர் கண்ணில் தனித்தனிக் காய்கள் படுவதில்லை, பழகிய கொத்துகள் படுகின்றன. நடுக்களத்தில் நூறு முறை நின்றவர் கூட்டத்தைப் பார்ப்பதும் அப்படித்தான். அந்தக் கொத்துகளை ஜிம்மில் சேர்க்க முடியாது, அங்கேயே நின்று அடிபட்டுத்தான் சேர்க்கவேண்டும். முதல் சில வாரங்களில் புதிய மிட்ஃபீல்டர் தடுமாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். ரசிகர்கள் அந்த வாரங்களிலேயே தீர்ப்பு எழுதிவிடுவது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

தீர்ப்புக்கு அவர்கள் கையில் எடுப்பது டிஸ்போசல் எண்ணிக்கையை. யாரைக் கொண்டுபோய் நடுவில் நிறுத்தினாலும் அந்த எண் ஏறும், பந்து இருக்கும் இடம் அது. எத்தனை சென்டர் பவுன்ஸில் நின்றார், அவற்றில் எத்தனையில் பந்தை நெரிசலிலிருந்து வெளியே கொண்டுவந்தார் என்று வகுத்துப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும். 2020இல் இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. கொரோனா காரணமாக அந்த ஆண்டு கால்பகுதிகளை 20 நிமிடத்திலிருந்து 16 நிமிடமாகக் குறைத்திருந்தார்கள். பெட்ராக்கா முழுநேர மிட்ஃபீல்டராக மலர்ந்து, ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்களைக் கொண்டு அறிவிக்கும் ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் முதன்முறையாக இடம்பிடித்த ஆண்டும் அதுவே. எண்களை முந்தைய ஆண்டுகளோடு அப்படியே ஒப்பிட்டால் அவருக்கு அநியாயம். அதேசமயம், குறுகிய ஆட்டம் டேங்கை முழுதாகச் சோதிக்கவில்லை என்று சொன்னவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது.

அந்தச் சந்தேகத்துக்கு 2021 பதில் சொன்னது. மறுபடி 20 நிமிடக் கால்பகுதிகள், நீண்ட சீசன், அதன் கடைசி ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதி. எதிரணியின் கால்கள் கனக்கத் தொடங்கிய அந்த நேரத்தில் மெல்பர்னின் நடுக்களம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. 19 புள்ளி பின்தங்கியிருந்தவர்கள் அந்தக் கால்பகுதி முடியும்போது 24 புள்ளி முன்னே நின்றார்கள்.

உங்கள் அணியில் யாராவது இப்படி மாறியிருந்தால், அடுத்த ஆட்டத்தில் கொஞ்ச நேரம் பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள். பந்து வருவதற்கு முந்தைய மூன்று விநாடியில் கழுத்து இடமும் வலமும் திரும்புகிறதா? நான்காவது கால்பகுதியில், பந்து எதிரணி கைக்குப் போனதும் அவர் திரும்பி ஓடுகிறாரா, இடுப்பில் கைவைத்து நிற்கிறாரா?