போர்க்கப்பல் நடுவே வளைந்து நிற்கும் கிரேன்

முதல் உலகப்போர்க் காலத்து நாஸாவ் என்ற ஜெர்மன் போர்க்கப்பலின் பழைய படம் ஒன்றை அனுப்பிய வாசகர், நடுவில் அன்னத்தின் கழுத்து மாதிரி வளைந்து நிற்பது என்ன என்று கேட்டிருக்கிறார். படகுகளை ஏற்றி இறக்கும் கிரேன்தான் அது.

நாஸாவ் கப்பலில் ஏறத்தாழ 1,000 பேர் இருந்தார்கள். கப்பல் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்டு நிற்கும், ஆள், தபால், காய்கறி எல்லாம் படகில்தான் வந்துபோக வேண்டும். அதற்காக நீராவிப் படகு முதல் சின்னத் துடுப்புப் படகு வரை சுமார் பத்துப் படகுகள். வைக்க இடம்தான் இல்லை! முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கத்துக்கு இரண்டு என ஆறு பீரங்கிக் கோபுரங்கள். 28 செ.மீ. பீரங்கி வெடிக்கும்போது வரும் காற்றழுத்தமே பக்கத்திலிருக்கும் மரப்படகை நொறுக்கிவிடும். மிஞ்சியது புகைபோக்கிகளை ஒட்டிய நடுப்பகுதி. சிறிய படகைப் பெரிய படகுக்குள்ளேயே வைத்து இடத்தை மிச்சப்படுத்துவதும் அந்தக் காலத்து வழக்கம்.

சரி, பல டன் எடையுள்ள நீராவிப் படகை அங்கிருந்து எப்படி வெளியே எடுப்பது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சாய்ந்து நீளும் நேரான கை வைத்த கிரேன் என்றால், படகு மேலே வரும்போது அந்தக் கையிலேயே இடிக்கும். இந்தக் கிரேனின் கை முதலில் நேராக மேலே போய், பிறகுதான் வெளியே வளைகிறது, அதனால் கம்பத்துக்கு அருகிலேயே படகை உயரத் தூக்கலாம். கையின் நீளம் மாறாததால் கொக்கி எப்போதும் ஒரே வட்டத்தில்தான் சுற்றும். அந்த வட்டத்தின் ஒரு பகுதி தளத்தின் மேல், மறு பகுதி கடலின் மேல். படகு உட்காரும் தாங்கியைத் தளத்தின் மேல் வரும் அந்த வட்டக்கோட்டிலேயே அமைத்துவிட்டால் தூக்கு, திருப்பு, இறக்கு, அவ்வளவுதான்.

ஆனால் கை நுனியில் தொங்கும் எடை கம்பத்தைக் கவிழ்க்கப் பார்க்குமே? அதனால் கம்பத்தைத் தளத்துக்குக் கீழே இறக்கி இரண்டு மட்டங்களில் பிடிக்கிறார்கள். மேல்பிடி ஒரு பக்கம் தள்ள, கீழ்ப்பிடி எதிர்ப்பக்கம் தள்ளும். இரண்டுக்கும் இடையே தூரம் கூடக்கூட ஒவ்வொரு பிடியும் தாங்க வேண்டிய விசை குறையும். பள்ளியில் படித்த திருப்புத்திறன்தான், வேறொன்றுமில்லை.

இதையெல்லாம் நேரில் பார்க்க அந்தத் தலைமுறை ஜெர்மன் பெருங்கப்பல் ஒன்றுகூட இன்று மிதக்கும் நிலையில் இல்லை. கடைசியாக மிஞ்சிய, துருக்கி வசம் போயிருந்த கோபன் என்ற போர்க்கப்பலை 1963இல் துருக்கி திருப்பி விற்க முன்வந்தது, மேற்கு ஜெர்மனி மறுத்தது, 1970களில் உடைத்துவிட்டார்கள். பழைய இயந்திரத்தைக் காப்பாற்றச் செலவிடும் பணம் கல்விக்குச் செலவிடும் பணம்தான் என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம், கிரேனில் தொங்கும் படகு ஒரு ஊசல். கயிறு நீள நீள ஆட்டம் மெதுவாகும், ஆனால் வீச்சு அகலும். நாஸாவ் வகைக் கப்பல்களோ வடகடல் அலைகளின் தாளத்துக்கு ஒத்துப்போய் பக்கவாட்டில் மோசமாக ஆடியதால், பிறகு அடிப்பக்கத்தில் அந்த ஆட்டத்தைக் குறைக்கும் தகடுகள் பொருத்த வேண்டிவந்தது. அப்படிப்பட்ட தளத்தில், படகின் முன்னாலும் பின்னாலும் கட்டிய கயிறுகளை ஆட்கள் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் படகு கப்பலின் பக்கச்சுவரில் மோதாமல் தண்ணீரைத் தொடும்.