கடலில் வாழும் ஆமை தண்ணீரில் மூழ்குமா?

ஜனவரி பிறந்துவிட்டால் பழவேற்காட்டுக் குப்பங்களில் இருக்கும் பிள்ளைகள் செத்த ஆமையைப் பார்க்காமல் கடற்கரைக்குப் போய்வருவது கஷ்டம். 2025 தொடக்கத்தில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கிக் கிடந்தன. ஆகவே தடா, ஆரம்பாக்கம், பழவேற்காடு வட்டாரத்தில் அழிந்துவரும் கடல் உயிர்களைப் பற்றிச் சொல்லித்தர, படம் போட்ட அட்டை தேவையில்லை. பிள்ளைகளிடம் கேள்வி ஏற்கெனவே இருக்கிறது: கடலிலேயே கிடக்கிற ஆமை எப்படி மூழ்கிச் சாகும்?

இதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னால் பாதிப் பாடம் முடிந்தது. ஆமைக்குச் செவுள் கிடையாது, நுரையீரல்தான். மேலே வந்து ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு மறுபடி இறங்கும். அசையாமல் ஓய்வாகக் கிடந்தால் அந்த ஒரு மூச்சில் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். வலையில் சிக்கித் திமிறினால் உடம்பில் சேர்த்து வைத்த ஆக்சிஜன் மளமளவென்று தீர்ந்துபோகும். இதைப் பிள்ளைகளுக்கு வாயால் சொல்ல வேண்டாம். முதலில் சும்மா உட்கார்ந்து மூச்சைப் பிடிக்கச் சொல்லுங்கள். அப்புறம், கைகால்களை உதறிக்கொண்டே பிடிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது முறை சட்டென்று விட்டுவிடுவார்கள். காரணத்தை அவர்களே சொல்வார்கள்.

இறால் பிடிக்கும் விசைப்படகுகளின் மடி, அதாவது பை போன்ற இழுவலை, கடலடியில் மணிக்கணக்கில் இழுபடும். இந்தக் கரைகளில் ஒதுங்கும் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) தின்பது நண்டும் இறாலும் சொறிமீனும் (ஜெல்லி மீன்). ஆக, மடி போகும் இடமும் ஆமை மேயும் இடமும் ஒன்றுதான். இதற்கு வழி இருக்கிறது. மடியின் தொண்டைப் பகுதியில் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம், அதன் விளிம்பை ஒட்டி வலையில் ஒரு திறப்பு. இறால் கம்பிகளின் இடைவெளியில் நுழைந்து உள்ளே போய்விடும். ஆமை சட்டத்தில் மோதிச் சரிந்து திறப்பு வழியாக வெளியே வந்துவிடும். பழைய வலைப் பை, நாலைந்து விளக்குமாற்றுக் குச்சி, கைநிறைய கோலிக்குண்டு, ஒரு தேங்காய் இருந்தால் வகுப்பிலேயே செய்து காட்டலாம். குண்டுகள் குச்சிகளுக்கு நடுவே ஓடிவிடும், தேங்காய் நின்றுவிடும். சட்டத்தை எவ்வளவு சாய்த்தால் தேங்காய் தானாக வெளியே வரும் என்று ஏழு வயதுப் பிள்ளையே கண்டுபிடிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த இடத்தில் ஆசிரியர்கள் கவனமாக இருக்க வேண்டும். 'மீனவர்கள் ஆமையைக் கொல்கிறார்கள்' என்ற வாக்கியம் குப்பத்து வகுப்பறையில் வரவே கூடாது. அங்கே உட்கார்ந்திருப்பது மீனவர் வீட்டுப் பிள்ளை. அவன் அப்பா ஃபைபர் படகில் போய் ஏரியிலும் கரையோரத்திலும் பிழைக்கிறவராக இருக்கலாம். வலை எப்படி வேலை செய்கிறது என்று சொல்லுங்கள். யார் குற்றவாளி என்று சிறு பிள்ளையிடம் தீர்ப்பு கேட்காதீர்கள்.

சரி, கரைக்கு வருவோம். பெண் ஆமை இரவில் ஏறி வந்து, பின்துடுப்புகளால் வாய் குறுகி அடி அகன்ற குழி தோண்டும். ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழம். பிங்பாங் பந்து அளவில் ஏறக்குறைய நூறு முட்டைகள் இட்டு, மண்ணை மூடி, உடம்பை இடமும் வலமுமாக ஆட்டித் தட்டி இறுக்கும். பிள்ளைகளை இதை ஆடிக் காட்டச் சொன்னால் வகுப்பே அதிரும். அந்த நேரத்தில் அதன் கண்ணில் நீர் வழியும். ஆமை அழுகிறது என்பார்கள். கண்ணீர் உண்மைதான். கடல்நீரோடு உள்ளே போன உப்பைக் கண்ணுக்குப் பக்கத்திலுள்ள சுரப்பி வெளியேற்றுகிறது. கடலுக்குள்ளும் அது நடக்கிறது, நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

முட்டைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு முடிவு செய்கிறது. ஏறக்குறைய 29, 30 டிகிரி செல்சியஸில் இரண்டும் கலந்து பிறக்கும். அதைவிடச் சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். நண்பகல் மணலில் உள்ளங்கையை வைத்துவிட்டு, பிறகு முழங்கை ஆழம் தோண்டித் தொட்டுப் பார்க்கட்டும். மேலே பொசுக்கும், கீழே குளிர்ந்திருக்கும். பூமி சூடானால் இந்தக் கணக்கு எப்படித் தப்பும் என்பதைப் பெரிய வகுப்புக்கு விட்டுவிடலாம்.

முட்டையைத் தொடாதே என்று மட்டும் சொன்னால் எந்தப் பிள்ளை கேட்கும்? காரணத்தைச் சொன்னால் கேட்கும். இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் மேல்பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதன் பிறகு புரட்டினால் கரு அறுந்து செத்துவிடும். சென்னையில் 1988 முதல் இரவில் கரையோரம் நடந்து முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றிவரும் மாணவர்கள் அவசரப்படுவதும் இதனால்தான்.

ஏறக்குறைய 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் வெளிவரும். மேல்மணல் குளிரும்வரை காத்திருப்பதால் பெரும்பாலும் இரவில்தான். இருட்டில் கடல்பக்கத் தொடுவானம் சற்று வெளுத்திருக்கும்; அதை நோக்கி ஓடும். கரையில் டியூப் லைட் எரிந்தால் ஊர்ப்பக்கம் திரும்பிவிடும், விடிந்ததும் காக்கையும் நாயும் தீர்த்துவிடும். இருட்டிய அறையில் பிள்ளைகளை ஜன்னல் வெளிச்சத்தை நோக்கித் தவழவிட்டு, பாதியில் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். அன்றைக்கே வீட்டுக்குப் போய், கடலைப் பார்த்த வாசல் விளக்கை அணைக்கச் சொல்லி அடம்பிடிப்பார்கள்.

அழிவு, எண்ணிக்கை, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை எல்லாம் ஒன்பது பத்து வயதுக்கு மேல் வரட்டும். ஐந்து வயதுப் பிள்ளையிடம் 'எல்லாம் சாகிறது' என்றால் அது பயந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தன்னால் ஆகக்கூடிய ஒன்றைக் கையில் கொடுத்தால் நிற்கும்.

அப்படி ஒன்று கடைசியாக. வலையில் வந்த ஆமை அசைவில்லாமல் கிடந்தால் செத்ததென்று உடனே கடலில் வீசிவிடக் கூடாது. மயங்கியிருக்கலாம். குப்புறப் படுக்கவைத்து, பின்பக்கத்தை அரையடி உயர்த்தி வைத்தால் நுரையீரலில் புகுந்த நீர் வடியும். நிழலில், ஈரத்துணி போர்த்தி, மூக்கை மட்டும் மூடாமல் விட வேண்டும். சில மணி நேரத்தில் தேறலாம், ஒரு நாள் வரைகூட ஆகலாம். இதை அப்பாவிடமும் சித்தப்பாவிடமும் போய்ச் சொல்ல ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரியும்.