குடும்பிமலையில் கால் முறிந்தால் ஹெலியை யார் அனுப்புவது?

மாரி மழை ஓய்ந்ததும் மட்டக்களப்புப் பக்கத்துப் பொடியன்கள் குடும்பிமலை ஏறத் தொடங்கிவிடுவார்கள். பெரிய உயரமில்லை, 534 மீற்றர்தான். ஆனால் பாறையில் வழுக்கிக் கணுக்கால் முறிந்த ஒருவரை ஸ்ட்ரெச்சரில் இறக்க ஆறு பேர் தூக்கவேண்டும், கை மாற இன்னும் ஆறு பேர் கூடவே நடக்கவேண்டும். தலையிலோ முதுகெலும்பிலோ அடியென்றால் ஹெலிதான் வழி. நம் நாட்டில் அது விமானப்படையின் வேலை.

தனியாரிடம் கொடுத்தால் கெதியாக வருமே என்று கேட்பவர்கள் உண்டு. பிரித்தானியா கொடுத்தது. விமானப்படையும் கடற்படையும் பார்த்துவந்த மீட்புப் பணியை 2015 ஏப்ரலில் பிரிஸ்டோ நிறுவனம் ஏற்கத் தொடங்கியது: 10 தளங்கள், 10 ஆண்டுகள், 160 கோடி பவுண். அந்த ஒப்பந்தப்படி அழைப்பு வந்தால் பகலில் 15 நிமிடத்திலும் இரவில் 45 நிமிடத்திலும் கிளம்பவேண்டியிருந்தது. காயப்பட்டவரிடம் ஒரு சதமும் அறவிடுவதில்லை. மலையடிவாரத்துத் தொண்டர் குழுக்களும் அப்படியே இருக்கின்றன. முகில் மூடினால் ஹெலி அவர்களைப் பாதி வழியில் இறக்கிவிட, மிச்சத்தை அவர்கள் நடந்தே ஏறுகிறார்கள்.

நேபாளத்தில் கதை வேறு. அங்கே பறப்புக்குப் பறப்பு பணம், அதைக் கொடுப்பது காப்புறுதி. தேவையில்லாமல் ஆட்களை ஹெலியில் ஏற்றிப் பில் போட்டது 2018இல் அரசாங்க விசாரணையில் வெளிவந்தது. ஆகவே காசு எதற்குக் கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி. பறக்காமல் ஆயத்தமாக நிற்கும் நேரத்துக்கே பெரும்பங்கு கொடுக்கவேண்டும். பறப்புக்கு மட்டும் கொடுத்தால் வசதியுள்ளவருக்குத்தான் ஹெலி வரும்.

யார் அனுப்பினாலும் மலையில் நிற்பவர் செய்யவேண்டியது ஒன்றே. 119க்கோ, இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117க்கோ அழையுங்கள். கூகுள் மெப்பில் நிற்கும் இடத்தை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். 7இல் தொடங்குவதை முதலிலும் 81இல் தொடங்குவதைப் பிறகும் சொல்லுங்கள். சிக்னல் இல்லையென்றால் நிமிடத்துக்கு ஆறு விசில், ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி ஆறு.

ஹெலி தெரிந்ததும் இரண்டு கைகளையும் வி வடிவில் உயர்த்துங்கள். ஒரு கையை மட்டும் ஆட்டினால் ‘உதவி வேண்டாம்’ என்று எடுத்துவிடுவார்கள். சாரம், தொப்பி, தறப்பாள் எல்லாவற்றையும் கல்லுக்கடியில் வையுங்கள். காற்றில் கிளம்பும் ஒரு தறப்பாள் விசிறியில் சுற்றினால் போதும், ஹெலியே விழும்.

கம்பியில் இறங்கும் கொக்கியை எட்டிப் பிடிக்கவே கூடாது. பறக்கும்போது சேர்ந்த நிலைமின்சாரத்தை அது சுமந்துவரும். முதலில் பாறையைத் தொடட்டும். பிறகும் அதை மரத்திலோ கல்லிலோ மாட்டவேண்டாம், கூட இறங்கும் வீரர் பார்த்துக்கொள்வார்.